லேலண்டுக்குக் கிடைக்காத வேஷம்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், லக்கோட்டா என்ற பழங்குடி மக்களின் ஊரொன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டிய லேலண்டுக்கு, மனைவியின் அண்ணன் மைரனைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. நகைச்சுவைத் தொடரொன்றில் தலை நிறைய இறகுகளோடு உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருக்கும் செவ்விந்தியத் தலைவன் வேஷம் மைரனுக்கு. நடிகர் தேர்வுக்கு இருவருமே போயிருந்தார்கள். குட்டை முடியும் மூக்குக்கண்ணாடியுமாக நின்ற லேலண்டிடம், "உங்களைப் பார்த்தா செவ்விந்தியர் மாதிரியே இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

தொடரைப் பார்த்து ஊரே கொதித்ததால், தயாரிப்பாளர்கள் பேசித் தீர்க்க வந்தார்கள். பள்ளி விளையாட்டரங்கில் முதலில் எழுந்தவன் லேலண்ட்தான். "எங்க ஆளுங்களுக்கு உறுமத்தான் தெரியுமா? வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டோமா?" என்று பிடிபிடியென்று பிடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

மைரன் மைக்கை வாங்கினான். "மாப்ள சொல்றது நியாயம்தான். ஆனா தேர்வுக்கு வந்த அன்னிக்கு அவனை எடுத்திருந்தீங்கன்னா, முதல் காட்சியே இன்னும் முடிஞ்சிருக்காது. பேசிக்கிட்டே இருந்திருப்பான்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. லேலண்டின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறைத்து வைத்தது வெளியே வந்ததைவிட, அத்தனை சிரிப்பும் மைரனுக்குப் போனதுதான் அவனைச் சுட்டது.

சாப்பாட்டின்போது மைரன் சூப்புக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இனிமே நம்மளையே கதை எழுதித் தரச் சொல்றாங்க மாப்ள. நீயும் நடிக்க வாயேன்."

முடியாது என்று சொல்லத்தான் லேலண்ட் வாயெடுத்தான்.

"எனக்கு வசனம் நிறைய இருக்குமா மச்சான்?" என்று கேட்டான்.