எல்லம்மா வாயைத் திறக்காத நாட்கள்

என் மாமியார் எல்லம்மா செத்துப்போன கதையை வந்தவர் போனவர் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர் சாகாமல் போன கதையை நான் சொல்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து சண்டை போட்டவள் நான்தான்.

அது பவ வருஷத்து ஐப்பசி. ராணிப்பேட்டையில் விடாத மழை. குளிர் காய்ச்சலில் படுத்த அத்தை, ஒரு வாரத்தில் கண் திறப்பதையும் நிறுத்திவிட்டார். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்து, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். என் மச்சாண்டார் காசிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூத்த மகன், அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் எதிலும் அவசரம். அன்று சாயங்காலமே உறவுக்காரர்கள் வந்து, கடைசிப் பால் ஊற்ற வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அத்தை பல்லை இறுக்கிக்கொண்டார். ஊற்றிய பாலெல்லாம் கன்னத்தில் வழிந்தது.

"உசுரு எதுக்கோ ஏங்கினு கெடக்குது. அதான் போவ மாட்டேங்குது" என்றார் காசி.

"போவாத உசுர ஏன் மாமா தொரத்துறீங்க? கஞ்சி குடுத்துப் பாக்கலாம்" என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

மண்ணாசையாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். கணியம்பாடிக்கு ஆள் போய், அத்தை பிறந்த ஊர் மண்ணைக் கொண்டுவந்தான். அதைக் கரைத்து ஊற்றினார்கள். அந்த மண் அத்தைக்கு என்ன கொடுத்தது? தாது வருஷப் பஞ்சத்தில் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் எல்லாரையும் வாரிக் கொடுத்துவிட்டு, சின்னப் பெண்ணாகத் தனியே அங்கிருந்து நடந்து வந்தவர். இங்கே தோல் பதனிடுகிற கொட்டகையில் ஆவாரம் பட்டை இடிக்கிற வேலை கிடைத்தது. அங்கேயே தோல் சீவுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றார். புருஷனைக் காலரா கொண்டுபோன பிறகும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

அவர் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். யார் வந்தாலும் சோறு போட வேண்டும். இளையவரைக் கட்டிக்கொண்டு நான் வந்த புதிதில், அரிசியை அளந்து உலையில் போடுவதைப் பார்த்து, "இன்னாடி செண்பகம், உங்கம்மா வூட்ல பஞ்சமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் நான் படியைத் தொடவில்லை. பெற்றவளைவிட எனக்கு அவரைத்தான் பிடிக்கும். அவரை வழியனுப்ப இத்தனை பேருக்கு என்ன அவசரம்?

மண்ணும் வழிந்து பாயில் காய்ந்தது. மறுநாள் காசிக்கு இன்னொரு யோசனை வந்தது. "ஆயுசு பூரா பட்டை நாத்தத்துலதானே இருந்துச்சு? அந்த ஏக்கந்தான்" என்று ஓடிப்போய், தோல் ஊறுகிற தொட்டியிலிருந்து பட்டைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்தார். நாக்கைச் சுருட்டி இழுக்கிற துவர்ப்பு. துணியில் நனைத்து அம்மாவின் உதட்டில் தடவினார்.

அத்தையின் முகம் கோணியது. கண் திறந்தது. தூவென்று துப்பினார்.

"இன்னாடா, என்னையும் ஆட்டுத் தோலுன்னு நெனச்சிக்கினியா?"

கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் வாசலுக்கு ஓடினார்கள். காசி சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"பால் இல்லியே?"

"கஞ்சிதான் அத்தே. உப்புப் போட்ட கஞ்சி."

மடமடவென்று குடித்தார். "இத்தினி நாளா ஏன் அத்தே வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"பாலத் தூக்கினு வந்தா எவடி தொறப்பா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தாது வருஷம் திரும்பி வரப்போவுதாமே. அன்னிக்கு என்னப் பட்டினி போட்டுத் தொரத்துச்சு. இந்தத் தபா வயிறு முட்டத் தின்னுட்டு அதும் மூஞ்சியப் பாக்கணும். அப்பால போறேன்" என்றார்.

அறுபது வருஷம் கழித்து வருகிறதே, பஞ்சத்தையும் கையோடு கூட்டி வருமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்த வருஷம் அது. அத்தை மட்டும் அதற்காகக் காத்திருந்தார். எழுந்து நடமாடினார், என்னைத் திட்டினார், வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தாது வந்தது. பஞ்சம் வரவில்லை. வருஷப் பிறப்பன்று அப்பா, அம்மா, தம்பிகள் நாலு பேருக்கும் இலை போட்டுப் படைக்கச் சொன்னார். பிறகு தானும் உட்கார்ந்து, மறுசோறு வாங்கி, பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். பெரிதாக ஏப்பம் விட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த ஆடியில் மறுபடியும் படுத்தார். இந்த முறை காசி எதையும் கரைக்கவில்லை, சுவரோரமாக நின்றார். நான்தான் குனிந்து, "கஞ்சி கொண்டாரட்டுமா அத்தே?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையசைத்தார். "பால் கொண்டாடி" என்றார்.

காசி முதலில் ஊற்றினார். அத்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை.