பெப்பர்மின்ட் வீடு

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் பெரியம்மா வீடு வந்துவிட்டது தெரிந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ்களின் மருந்து நெடியையும் நனைந்த கரிசலின் வாடையையும் ஒதுக்கிக்கொண்டு, யாரோ ஈரக் கையை நெற்றியில் வைத்தாற்போல அந்த வாசனை வந்து தொடும். பெப்பர்மின்ட் தைலம். பஜாரில் அத்தர் விற்கிற பாய் கடையிலிருந்து சின்னச் சீசாவில் வாங்கி வருவாள்.

தலைவலி என்றால் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு. மூக்கடைப்பு என்றால் ஆவி பிடிக்கிற வெந்நீரில். எலிப் பொந்துக்கு அதில் நனைத்த பஞ்சு, தரை துடைக்கிற வாளியில் கொஞ்சம், பஸ்ஸில் குமட்டினால் கைக்குட்டை நுனியில். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற மைதாப் பசை மத்தியானத்துக்குள் புளித்துப்போகும், அதிலும் விடுவாள். "ஏட்டி, ஒம் பசையப் பாத்தா ஒட்டத் தோணல, நக்கத்தான் தோணுது" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்களாம்.

அந்த வருஷம் வாசனை கூடிக்கொண்டே போனது. தலையணையில், கதவிடுக்கில், சீலை மடிப்பில். பெரியம்மாவின் இடது மார்பில் ஒரு புண் இருந்தது. ஆறாத, வாடையடிக்கிற புண். திருநெல்வேலிக்குத் தனியாகப் போய்க் காட்டி, இனி ஆறாது என்று டாக்டர் சொல்லக் கேட்டுக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறித் திரும்பியிருக்கிறாள். அம்மா எனக்கு இதையெல்லாம் சொன்னது நான் வளர்ந்து வெகுகாலம் கழித்து. அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியம்மாவின் மகளான அக்காவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் முணுமுணுத்தால் போதும், வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். தான் இருக்கும்போதே மகள் கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும். பெரியம்மாவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் மழை வெறித்த ஒரு நாள், விளாத்திகுளத்துப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வந்தார்கள். மிளகாய் போடுகிற குடும்பம். கல்யாணம் வைகாசியில் என்று முன்பே பேச்சு. வத்தல் களத்தில் காய்ந்து மூட்டையேறாமல் அங்கே யாரும் பந்தல்கால் ஊன்றுவதில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஆளும் பெரிது, குரலும் பெரிது. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன மதினி, சம்பந்தம் பேச வந்தமா, மிட்டாய்க் கடைக்கு வந்தமா?"

"எறும்புத் தொல்லை மதினி. மழைக்கு வீடெல்லாம் ஏறுது. அதான் தைலம் தெளிச்சேன்."

"எனக்கு முழங்கால்ல எறும்பு ஊறுதாப்ல இருக்கு. அதுக்குக் கேக்குமா?"

பெரியம்மா தள்ளி நின்றபடியே கையை நீட்டிச் சீசாவைக் கொடுத்தாள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இது எனக்கு" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடம் சிரித்தது. சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்ல எந்த வீட்டில் நாக்கு எழும்? வீட்டில் இருந்தது அந்த ஒரு சீசாதான். பெரியம்மாவும் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். போனவள் வெளியே வரவில்லை.

நான் அடுக்களையில் கேசரிச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரியம்மா ஈர விறகைத் தள்ளித் தள்ளிப் புகையவிட்டாள். இரண்டு தாய்மாரும் எதிரெதிரே நின்று தட்டு மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அம்மா வந்து கூப்பிட்டாள்.

"நீயே மாத்திரு. எனக்குத் தலை சுத்துது."

அது கூடத்துக்குக் கேட்டுவிட்டது.

"பெத்தவ இருக்கையில தங்கச்சி கையால தட்டு வாங்கவா? எங்க சம்பந்தம் அம்புட்டு எளப்பமா?"

அக்கா தலையைத் தூக்கவேயில்லை. பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா விறுவிறுவென்று அடுக்களைக்குள் வந்தாள்.

"கிட்ட வராதீங்க மதினி. புகை."

வந்தாள். பெரியம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அந்தப் பெரிய மூக்கு ஒரு தடவை விரிந்தது. முகத்திலிருந்த கோபம் எங்கேயோ வடிந்தது. சீலை கனமாக மடிந்துகிடந்த இடது பக்கத்தைப் பார்த்தாள். முந்தியால் மூக்கை மூடவில்லை.

"எம்புட்டு நாளா?"

"வருசமாகப் போகுது. ஒருத்தருக்கும் தெரியாது. எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல மதினி. அவள வேண்டாம்னு சொல்லிராதீங்க."

அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். இடுப்பிலிருந்த சீசாவைத் திறந்து, விரலை நனைத்து, பெரியம்மாவின் சீலை மடிப்பில் தானே தடவினாள், குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. பிறகு மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். தட்டு மாறியது. சந்தனத்தைப் பெரியம்மாவின் கையில் தடவிவிட்டு, அந்தக் கையை விடாமலே சொன்னாள்:

"கல்யாணத்தக் கார்த்திகையிலயே வச்சிருவோம்."

அவளுடைய தம்பி பதறிப்போனார். "ஏக்கா, செடி இப்பந்தான் தலையெடுக்குது. களத்துல வத்தல் விழாம என்னத்த வச்சு நடத்த?"

"சோசியர் சொன்னத மறந்துட்டம்லா. தைக்கு மேல பையனுக்கு நேரஞ் சரியில்லையாம்."

"எந்தச் சோசியரு?"

"ஒனக்குத் தெரியாத சோசியரு. வெத்தலையப் போடு."

எல்லோரும் சிரிக்க, பெரியம்மா மட்டும் அழுதாள். அக்கா சீக்கிரம் போய்விடுவாளே என்று அழுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. பெரியம்மா மாசியில் இறந்தாள். விளாத்திகுளத்துக் களங்களில் அப்போதுதான் முதல் பழம் சிவந்து விழுந்துகொண்டிருந்தது. ஆனால் தாலி ஏறும்போது அவள் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பிடித்துக்கொண்டு நின்றது மாப்பிள்ளையின் அம்மாதான். காய் பிடிக்குமுன் ஒரு கல்யாணத்தை நடத்த அந்த வீடு எதில் கைவைத்திருக்கும் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. அவள் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு வேப்பங்குச்சி செருகியிருந்தாள். மகன் கல்யாணத்துக்குக்கூட நகை போடத் தெரியாத பட்டிக்காட்டுக்காரி என்று, நானும் தெருப் பிள்ளைகளும் பந்தி முடிகிறவரை அவள் காதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.