வேருக்கு எட்டாதவள்

நானாட்டானில் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் கந்தோரில் நான் கணினி பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம். விபரங்களை அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போடாமல், ஆளுக்கொரு தனிப்பொருளாக, அவர்கள் பாஷையில் ஒப்ஜெக்டாக, சேமிக்கும் தரவுத்தளம் ஒன்றைத் தந்திருந்தார்கள். அதில் வேர் என்று ஒன்று உண்டு. வேர் ஊரைப் பிடித்திருக்கும். ஊர் குடும்பத் தலைவரைப் பிடித்திருக்கும். தலைவர் மனைவி மக்களைப் பிடித்திருப்பார். வலையின் கயிற்றைத் தூக்கினால் அதில் முடிந்திருப்பதெல்லாம் கூடவே மேலே வருமே, அப்படி. வேரிலிருந்து எட்டக்கூடியது மட்டும் நிலைத்திருக்கும். எட்டாததைக் குப்பை என்று கணக்கெடுத்து, வார இறுதியில் மென்பொருள் தானே கூட்டித் தள்ளிவிடும். கொழும்பிலிருந்து வந்து இதை விளக்கியவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் தகப்பனோடு வந்திருந்தாள். தாய் அங்கேயே இறந்துவிட்டார். இங்கே வந்து ஒரு மாரி போவதற்குள் தகப்பனும் போய்ச் சேர்ந்தார். மரணச் சான்றிதழ் வந்ததும் அவருடைய பதிவை நீக்கிவிட்டார்கள். முறைப்படி அது சரிதான். ஆனால் மகளை வேரோடு சேர்த்துப் பிடித்திருந்தது அவர் ஒருவர்தான். அந்த வார இறுதியில் அவளும் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீட்டைப் பற்றி விசாரிக்க வந்தாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு என்னை அக்கா என்றாள். பெயரைப் போட்டுத் தேடினேன், அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேடினேன். ஆளே இல்லை. காப்புப் பிரதியும் வாராவாரம் பழையதன் மேலேயே எழுதப்படுவது. புதிய குடும்பங்களைப் பதிவது எப்போதோ நின்றுவிட்டது. பதிவிலுள்ள குடும்பம் ஒன்று அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் மட்டும் திரும்ப எடுக்கலாம் என்றது கொழும்புத் தலைமைக் கந்தோர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான்.

தகப்பனின் தமையன் பக்கத்து ஊரில் இருந்தார். முன்னமே முகாமிலிருந்து திரும்பி, குடும்பத்து வயலைத் தனியே விதைத்து வந்தவர். அவருடைய குடும்பம் பதிவில் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். வாங்கோ என்று கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, அவளுடைய படிப்பைக்கூட விசாரித்தார். கையொப்பத்துக்குக் கடதாசியை நீட்டியதும் முகம் மாறியது.

"தம்பியின்ர மகள் எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி. ஆனா எழுத்தில தரமாட்டன். நாளைக்கு வயலிலயும் பங்கு கேட்டு வந்து நிப்பாள்."

அவளை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார். கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவளையே குடும்பத் தலைவியாக்கி நேரே ஊரோடு இணைக்கலாமே என்று கொழும்புக்கு எழுதினேன். தனி ஆளைக் குடும்பமாக எடுக்க மென்பொருளில் இடமில்லையாம். திருப்பித் திருப்பி எழுதினேன். அதற்குள் திட்டத்தின் கடைசி வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டிவிட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் அவளைக் கடைசியாகக் கந்தோருக்கு வரச் சொன்னேன். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"கேம்புல அடிக்கடி வரிசையில நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாங்கக்கா. ஆடு மாடு மாதிரி எண்ணுறாங்களேன்னு எரிச்சலா இருக்கும். ஆனா கூப்பிட்டா, இருக்கேன்னு சொல்லுவேன். இங்க என்னை யாரு கூப்பிடுவாங்கக்கா?"