ஒத்தையா ரெட்டையா

மலேசியாவில் செர்டாங் பக்கம் பனை எண்ணெய் பிழியும் ஒரு செம்பனை ஆலை. எண்பதுகளின் நடுவில் அங்கே பழம் ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கும் எடைப்பாலத்துக்குப் புதிதாக ஒரு போர்டு பூட்ட என்னை அனுப்பினார்கள். போர்டு என்றால் ஒரே பலகையில் அமைந்த சின்னக் கணினி. திரை கிடையாது. ஒரு கம்பி வழியாக எடை காட்டும் பெட்டியிலிருந்து எண்ணை வாங்கி, இன்னொரு கம்பி வழியாக அச்சு இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அதற்கு முன் ஆறேழு ஆண்டுகள் நான் இந்தப் போர்டுகளைச் செய்யும் கம்பெனியின் தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தவள். வெளிவேலைக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் நான். மேற்பார்வையாளர் அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: ஆலை எஞ்சினியர் போர்டை ஏற்றுக்கொண்டால் இந்த வேலை எனக்கு, திருப்பி அனுப்பினால் திங்கட்கிழமை பழைய நாற்காலி. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெட்டியும் போர்டும் பேசிக்கொள்ள இரண்டும் சில விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும். எண்கள் ஒன்றும் சுழியுமாகத்தான் கம்பியில் ஓடும். ஒவ்வோர் இலக்கத்தோடும் காவலுக்கு ஒரு துண்டு, இன்னோர் ஒன்றோ சுழியோ, சேர்ந்து வரும். மொத்த ஒன்றுகள் எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படியோ, எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும்படியோ அதைச் சேர்ப்பார்கள். இதற்குப் பேரிட்டி என்று பெயர். முடிவில் நிறுத்தத்துக்கு ஒரு துண்டு. சில இயந்திரங்களில் இரண்டு. அது ஸ்டாப் பிட். போர்டின் ஓரத்தில் பல்வரிசை மாதிரி இருந்த சுவிட்சுகளைப் பேனா முனையால் தள்ளி இவற்றை அமைக்க வேண்டும்.

பெட்டி எப்படி அனுப்புகிறது என்பது என் சீனியர் அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் அன்று தஞ்சோங் டாவாயில், ஓர் ஐஸ் ஆலையில் வேலையாக இருந்தார். எடைப்பால அறையிலிருந்து போன் போட்டேன். பின்னால் கம்ப்ரஸர் இரைந்தது.

"அண்ணே, ஸ்டாப் பிட், பேரிட்டி எல்லாம் சொல்லுங்க. ஒத்தையா ரெட்டையா?"

"ஒத்தை, தங்கச்சி. ஒத்தை போதும்."

லைன் அறுந்தது. தோட்டத்தில் ரப்பர் கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். பேரிட்டிக்கும் அந்தச் சொற்களையே புழங்கினோம். பேரிட்டியை ஒத்தையில் வைத்தேன். ஸ்டாப் பிட் ஏற்கெனவே ஒன்றில்தான் இருந்தது.

பொத்தானை அழுத்தியதும் அச்சு இயந்திரம் ஐந்து கேள்விக்குறிகளை அடித்தது. பிழையான இலக்கம் வந்தால் போர்டு போடும் குறி அது. மறுபடி அழுத்தினேன். மறுபடி ஐந்து.

எடைப்பாலத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த அக்கா எட்டிப் பார்த்தார். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. "நான் டன் கேட்டா மெசின் என்னையே கேள்வி கேக்குது. நல்லா இருக்குலா."

கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். வேகத்தைச் சரிபார்த்தேன். ஐஸ் ஆலைக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. வெளியே லோரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. மதிய உணவுக்குப் போன எஞ்சினியர் எந்த நேரமும் வரலாம். வேறு வழி தோன்றாமல், காவல் பார்ப்பதையே நிறுத்தும் சுவிட்சைத் தள்ளினேன்.

00000 என்று தெளிவாக அடித்தது. பாலம் காலியாகத்தான் இருந்தது. சரியான எடை.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் உள்ளே வந்தார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். சீட்டைப் பார்த்து, "சுடா?" என்றார். முடிந்ததா என்கிறார். நான் பதில் சொல்வதற்குள் வெளியே கையைக் காட்டி முதல் லோரியைப் பாலத்தில் ஏறச் சொன்னார்.

பெட்டியில் 14820 என்று சிவப்பாக எரிந்தது. சீட்டில் ஒரு கோடு, ஒரு கட்டம், புரியாத இரண்டு எழுத்து, கடைசியில் ஒரு சுழியம். எஞ்சினியர் சீட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பெட்டியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வதை ஒழிக்கத்தான் அவர் இந்தப் போர்டையே வாங்கியிருந்தார்.

சுழியம் மட்டும் எப்படிப் பிழைத்தது? வேறு இலக்கங்களும் வேண்டும். அந்த லோரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி அடுத்ததை ஏறச் சொன்னேன்.

"ஏறுன்னீங்க, ஏறுனேன். இப்ப எறங்குங்கிறீங்க," என்றார் ஓட்டுநர். "லோரிய வச்சி பாண்டி ஆடுறீங்களா, தங்கச்சி? பழம் கனிஞ்சிக்கிட்டே போவுது."

"நீங்க எடுங்க அண்ணே, பழம் ஓடிடாது," என்றார் கிராணி அக்கா.

இரண்டாவது லோரி 13560. சீட்டில் முதல் இலக்கம் கிறுக்கல். 3560 சுத்தமாக வந்தது.

சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தேன். கெட்டவை 1, 2, 4, 8. பிழைத்தவை 0, 3, 5, 6. எல்லா இலக்கத்துக்கும் தலைப்பகுதி ஒரே மாதிரி, அதில் எப்போதும் இரண்டு ஒன்றுகள்; வித்தியாசம் வால்பகுதியில். கெட்ட இலக்கம் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரே ஓர் ஒன்று. 3, 5, 6 ஒவ்வொன்றிலும் இரண்டு. சுழியத்தில் எதுவுமில்லை. தனியாக நின்ற ஒன்றுக்கு மட்டும் பெட்டி துணைக்கு இன்னோர் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. காவல் பார்க்காத போர்டு அந்தத் துணையையும் இலக்கமாகவே படித்திருக்கிறது. துணை சேர்த்து ஜோடியாக்குகிறது என்றால் பெட்டி அனுப்புவது ரெட்டை.

காவலைத் திரும்பப் போட்டு, பக்கத்துச் சுவிட்சை ரெட்டைக்குத் தள்ளினேன். பேனா முனை வழுக்கியதில் அதற்கு அடுத்ததும் நகர்ந்தது. அதைப் பழைய இடத்தில் வைத்தேன். 13560. முதல் லோரியை மறுபடி ஏறச் சொன்னேன். 14820.

எஞ்சினியர் சீட்டைக் கிழித்துப் பெட்டியோடு ஒப்பிட்டார். "போலே," என்றார். ஆகட்டும் என்று பொருள். ஆனால் போர்டை ஏற்றுக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் நிற்கும் எல்லா லோரியும் போகட்டும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் அண்ணன் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பேரிட்டியா? நீ ஸ்டாப் பிட்டைக் கேக்குறேன்னுல்ல நெனச்சேன். அது ஒத்தைதானே?"

"ஒத்தைதான் அண்ணே. நான் ரெண்டையும் சேத்துல்ல கேட்டேன்."

 "இனிமே நாம இங்கிலீசுலயே பேசிக்குவோம்," என்றார்.

ஒவ்வொரு லோரி ஏறும்போதும் நான் சிவப்பு எண்ணை வாய்க்குள் படித்துவிட்டுத்தான் சீட்டைப் பார்த்தேன். அதுவரை பார்க்காத 7 வந்தது, 9 வந்தது; சீட்டிலும் அப்படியே விழுந்தன. கடைசி லோரி போன பின் எஞ்சினியர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். வாசலில் இருக்கும் இரண்டாவது பாலத்துக்கும் போர்டு வேண்டும், இதே ஆளை அனுப்புங்கள் என்று சொன்னது காதில் விழுந்தது. கிராணி அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் போர்டின் மூடியைத் திறந்து சுவிட்சை இன்னொரு முறை பார்த்தேன். ரெட்டையில்தான் இருந்தது.