பக்கத்துத் தறி

விசைத்தறிகள் எல்லாம் ஓடும்போது அந்தக் கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் குரலை வீணாக்குவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் பார்த்தே புரிந்துகொள்வார். மாமியார் வம்பும் மேஸ்திரியின் தொப்பையும் சத்தமில்லாமலே சிரிப்பாய்ச் சிரிக்கும். அங்கே ஒருத்தியை ஒதுக்கச் சுவர் வேண்டாம். பார்க்காமல் இருந்தால் போதும்.

அங்கே தறி ஓட்டும் இவளை அப்படித்தான் ஒதுக்கினார்கள்.

என்ன குற்றம்? உண்மை சொன்னது. தறியைச் சுழற்றும் பெல்ட்டை மூடியிருந்த கம்பிவலை வேலைக்கு இடைஞ்சல் என்று மேஸ்திரி கழற்றிப் போட்டார். ஒரு தொழிலாளியின் விரல்கள் பெல்ட்டில் சிக்கிப் போயின. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அவன்தாங்க கவனிக்கலை" என்று எல்லாரும் சொன்னார்கள். "வலையைக் கழட்டினது மேஸ்திரி" என்று இவள் மட்டும் சொன்னாள். அதிகாரி மேஸ்திரியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். வலை திரும்பவில்லை.

"அவ மூஞ்சியைப் பார்க்கிறவங்களுக்கு இங்க வேலை இல்லை" என்றார் மேஸ்திரி.

முதலில் முகத்தைத் திருப்பியவள் பக்கத்துத் தறிக்காரி. "அக்கா, அக்கா" என்று இவள் டப்பாவிலேயே கைவைத்துச் சாப்பிட்டவள். வயிற்றில் அடிப்பேன் என்று மிரட்டுகிறவனை விட்டுவிட்டு, வயிறுள்ளவளை ஏன் திட்ட வேண்டும்?

மாதங்கள் போயின. இவளுக்குத் தூக்கம் போனது. தட்டில் போட்டது காய்ந்தது. வீட்டிலும் உதடு மட்டுமே அசைந்தது.

"அம்மா, நீ மியூட்ல இருக்க. சவுண்டு வை!" என்று மகள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அடுத்த பேச்சிலும் சத்தம் வரவில்லை. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று கணவன் மந்திரிக்கக் கூட்டிப்போனான். பேயாவது பிசாசாவது! உயிருள்ள மனிதர்கள் கூட்டம் சேர்ந்து செய்த வேலை அது.

"வேலையை விட்டுத் தொலையேன்" என்றான்.

"விட்டா நான் பொய் சொன்னதா ஆயிடும்" என்றாள், பாதிக் குரலில். "பக்கத்துத் தறிக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தா போதுங்க."

ஒருநாள் பக்கத்துத் தறிக்காரி அறுந்த இழையை முடியக் குனிந்தாள். ஜடை, வலையில்லாத பெல்ட்டை நோக்கிச் சரிந்தது. "ஏய், ஜடை!" என்று இவள் உதடு பதறியது. ஓரக்கண்ணில் இவள் முகம் தெரிந்ததும், மேஸ்திரிக்குப் பயந்து அவள் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். பெல்ட் பக்கமாகவே.

இவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள்.

கூடம் அடங்கியது. ஜடையின் நுனி பெல்ட்டோடு போயிருந்தது; தலை தப்பியது.

"ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று அவள் அழுதாள்.

முணுமுணுத்தாலே கேட்டிருக்கும், அத்தனை அமைதி. இவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டேன்டி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவடி நிறுத்தினது? ஓட்டுங்க!" மேஸ்திரியின் குரல் வாசலிலிருந்து வந்தது.

தறிகள் மீண்டும் இரைந்தன. பக்கத்துத் தறிக்காரி மிச்ச ஜடையைக் கொண்டையாக முடிந்துகொண்டு, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்தாள்.

இவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெல்ட்டுக்குத்தான் வலையில்லையே, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.