சௌந்தரம் பூட்டிய கேட்

எங்கள் தெரு சௌந்தரத்தைப் பொறுமைசாலி என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நாலு வருஷம் ஒரே ஆள் மேல் கோபத்தை ஆறவிடாமல் காப்பாற்றுவதும் ஒரு பொறுமைதான்.

2007 கோடையில் அவள் அம்மா சிதம்பரம் சாலையில் வைத்திலிங்கம் நடத்திய முதியோர் இல்லத்தில் இருந்தாள். அங்கே யாராவது பிறந்தநாள், திதி என்று சாப்பாடு கொடுப்பார்கள். கொடுப்பவர் வந்து, தன் கையால் பரிமாறி, போட்டோ எடுத்த பிறகுதான் கிழவர்கள் வாயில் சோறு போகும். அன்று கொடுத்தவர் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. விடியற்காலையில் கிளறிய சாம்பார் சாதம் ஊசிப்போயிருந்தது. சாயங்காலமே நாலைந்து பேருக்கு வாந்தி, பேதி. அவர்களைத் தனியே வைத்தால் நோய் இருப்பது தெரிந்து, மறுநாள் சாப்பாடு கொடுக்க வருகிறவர் முகம் சுளிப்பாராம். எல்லோரையும் ஒரே ஹாலில், ஒரே கக்கூஸை நம்பிப் படுக்கவைத்தார் வைத்திலிங்கம். ஹால் முழுக்கப் பரவியது. சௌந்தரத்தின் அம்மா செத்துப்போனாள்.

மறுவருஷம் அதே இல்லத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள் சௌந்தரம். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார் அந்த மனுஷன். அவள் இல்லத்தின் பின்பக்கம் இருந்த சாமான் அறையைக் காலி செய்து கட்டில் போட்டாள். அதற்கென்று தனிக் கக்கூஸ், பிளீச்சிங் பவுடர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எல்லாம் கேட்டு வாங்கினாள். வாந்தி பேதி கண்டால் வெளியாளும் வெளிச்சாப்பாடும் உள்ளே வரக் கூடாது என்று விதி வைத்தாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அதைக் கேட்டிலேயே பெயிண்டில் எழுதி, அடியில் 'உத்தரவு: வைத்திலிங்கம்' என்று போட்டுவைத்தார். வந்தவர்கள் படித்துப் பாராட்டினார்கள்.

2011இல் அவருக்கு மணிவிழா. மருமகளோடு ஒத்துவராத தன் அம்மா சின்னம்மாளையும் அந்த இல்லத்தில்தான் விட்டிருந்தார். அம்மா முன்னால் மாலை மாற்றி, அங்கேயே பந்தி போட ஏற்பாடு. அன்று விடிந்ததும் சின்னம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் வாந்தி. சௌந்தரம் இருவரையும் பின்னறைக்கு மாற்றினாள், டாக்டரை வரவழைத்தாள், கேட்டைப் பூட்டினாள். வைத்திலிங்கத்துக்கு மட்டும் போன் போடவில்லை.

மேளம், சாப்பாட்டு வேன், சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கின.

"கேட்டத் தொற சௌந்தரம். ஜனங்க நிக்கிறாங்க இல்ல?"

"வாந்தி பேதிங்க ஐயா. நீங்க போட்ட உத்தரவுதான், எதுக்கால எழுதியிருக்கு."

வாந்தி பேதி என்றதுமே கூட்டம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. வேன் திரும்பிப் போனது. கேட்கவே எனக்கு மனசு குளிர்ந்தது.

"எங்கம்மாவ மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்மா."

"அவுங்களுக்குத்தான் ஜாஸ்தி. யாரும் கிட்ட வரக் கூடாது."

உள்ளே போய், கிழவிக்குக் கரைசலை ஸ்பூனில் ஊட்டினாள். தெம்பு வந்ததும் சின்னம்மாள் கேட்டாள்.

"எம்மவன் இன்னிக்கி வரேன்னான். வந்தானா?"

சௌந்தரம் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "வரலம்மா."

கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வைத்திலிங்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னறைவரை அந்தச் சத்தம் வராது.