கழன்று விழுந்த கலசம்

நட்சத்திரக் குறிகளால் கோபுரம் அச்சிடும் கணினி நிரலை, யூடியூப் பார்த்து நானாகவே படித்து நேற்று எழுதி முடித்தேன். லூப் என்றால் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை; வெளி லூப் வரிசைகளை எண்ணும். அதற்குள் ஒரு லூப் வெற்றிடம் விடும், இன்னொன்று நட்சத்திரம் வைக்கும்.

திரையில் கோபுரம் நேராக நின்றது. அதை அப்படியே எங்கள் அருவிக் குளியல் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

இன்று காலை தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறியதுமே நண்பர் சுடலைமுத்து பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உம்ம கோபுரத்துல கலசம் கழண்டு விழுந்துட்டே!"

போனை எடுத்துப் பார்த்தேன். உச்சியில் இருக்க வேண்டிய ஒற்றை நட்சத்திரம் இடது ஓரத்தில் கிடந்தது.

"உள்ள ஒரு லூப்ப விட்டுட்டாருன்னு எம் மருமவன் சொல்லுதான்."

"ஒண்ணும் விடல வே. முதல் வரிக்கு முன்னால உள்ள வெற்றிடத்த வாட்ஸ்அப்பு தின்னுட்டு."

"தப்பு வந்தா எல்லாரும் வாட்ஸ்அப்பத்தான் சொல்லுதாவ."

பின்சீட்டில் சிரித்தார்கள். குற்றாலம் வருவதற்குள் போனிலேயே நிரலைத் திருத்தி, வெற்றிடம் இருந்த இடமெல்லாம் புள்ளி வைத்து மறுபடி அனுப்பினேன். கலசம் உச்சிக்குப் போய்விட்டது.

சுடலைமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோபுரம் சரி அண்ணாச்சி. புள்ளி புள்ளியா கட்டுன சாரத்த எப்பம் பிரிப்பீரு?"

பிரிக்க மாட்டேன். பிரித்தால் கலசம் மறுபடி விழும், மருமகன் மறுபடி பேசுவார்.

வேறு வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஒரு லூப்பை விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் வர வேண்டாம்.